செயற்கைக்கோள்களின் கண்ணில் அடையாளம் தெரியாத பொருள்கள் படுகின்றனவா? ஓர் எளிய விளக்கம்

பறக்கும் தட்டுகளைப் பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் ஒரு கேள்வி அதன் பின்னாலேயே வந்துவிடுகிறது. பூமியை ஆயிரக்கணக்கான செயற்கைக்கோள்கள் சுற்றிவருகின்றன. அவற்றுள் பல இராணுவத்துக்காகவே செய்யப்பட்டவை. அப்படியிருக்க, வானில் விசித்திரமாக ஒன்று பறந்தால் அவற்றின் பார்வைக்குத் தப்புமா? தப்பாது என்றால் அந்தப் பதிவுகள் எங்கே? கேள்வி நியாயமானதுதான். ஆனால் விடை காண்பதற்கு, ஒரு செயற்கைக்கோள் உண்மையில் எதைப் பார்க்கிறது, அதைச் செய்து கொடுக்கும் ஒப்பந்த நிறுவனங்களின் பங்கு என்ன, பதிவான தரவு யார் கைக்குப் போகிறது என்ற மூன்றையும் சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும். இதைப் பற்றி மிகுதியான தகவல்கள் வெளிவந்திருப்பது அமெரிக்காவில்தான் என்பதால், இக்கட்டுரையும் பெரும்பாலும் அந்நாட்டைச் சுற்றியே அமைகிறது.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிடலாம். பூமி முழுவதையும் எந்நேரமும் துல்லியமாகப் படம்பிடித்துக்கொண்டிருக்கும் செயற்கைக்கோள் எதுவும் கிடையாது. துல்லியம் வேண்டுமானால் தாழ்வான பாதையில் பறக்க வேண்டும். தாழ்வாகப் பறந்தால் ஒரு நேரத்தில் குறுகலான பரப்பு மட்டுமே தெரியும். 2014-இல் ஏவப்பட்ட வேர்ல்ட்வியூ-3 என்ற வணிகச் செயற்கைக்கோள் சுமார் 617 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 31 சென்டிமீட்டர் அளவுள்ள நுணுக்கத்தைக்கூடக் காட்டும். ஆனால் அது நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் விரைந்தபடி, சுமார் 13 கிலோமீட்டர் அகலமுள்ள பட்டையை மட்டும் படம்பிடித்துச் செல்கிறது. இதற்கு நேர்மாறாக, நிலநடுக்கோட்டுக்கு மேலே 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமியின் சுழற்சிக்கு ஈடாகச் சுற்றுவதால் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும் புவிநிலைச் செயற்கைக்கோள் பூமியின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான பரப்பை இமைக்காமல் பார்க்கும். ஆனால் அந்தத் தொலைவில் நுணுக்கம் கரைந்துபோகிறது. ஒரு மீட்டர் விட்டமுள்ள குறையற்ற தொலைநோக்கியை அங்கே நிறுத்தி, 2.7 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியில் கீழே பார்த்தால், ஒளியின் இயல்பு காரணமாகவே ஏறத்தாழ 120 மீட்டருக்குக் குறைவான எதையும் வடிவத்தோடு பிரித்துக்காண முடியாது. ஒரு விமானமோ பலூனோ அங்கிருந்து பார்க்கும்போது வெறும் ஒளிப்புள்ளிதான், அதுவும் போதிய வெப்பத்தை உமிழ்ந்தால் மட்டுமே.

அந்த 2.7 மைக்ரோமீட்டர் என்ற எண்ணை நான் ஏதோ போகிறபோக்கில் எடுக்கவில்லை. ஏவுகணை எச்சரிக்கைச் செயற்கைக்கோள்களின் வேலையில் பெரும்பகுதி அதைச் சுற்றியே அமைந்தது. ராக்கெட்டின் எரிபிழம்பில் சூடான நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் நிறைந்திருக்கின்றன. அவை இந்த அலைநீளத்தை ஒட்டி மிகப் பிரகாசமாக ஒளிர்கின்றன. நம் வளிமண்டலத்தின் கீழடுக்குகளிலும் அதே வாயுக்கள் உண்டு என்பதால், தரையிலிருந்து அந்த அலைநீளத்தில் எழும் ஒளியை அவை வழியிலேயே உறிஞ்சிவிடுகின்றன. விளைவாக, மேலிருந்து பார்க்கும் உணரிக்குக் கீழே உள்ள நிலமும் கடலும் இருண்டு கிடக்கும். அந்த இருட்டில், மேகங்களைத் தாண்டி எழும் ராக்கெட்டின் பிழம்பு மட்டும் பளிச்சென்று தெரியும். மிகச் சிறந்த ஏற்பாடுதான். ஆனால் இதன் மறுபக்கத்தையும் கவனிக்க வேண்டும்: தாழ்வாக, குளிர்ச்சியாக, மெதுவாகப் பறக்கும் எதையும் இந்த உணரி தன் வடிவமைப்பினாலேயே பார்க்காமல் விட்டுவிடுகிறது.

இந்த வகையில் நீண்டகாலம் உழைத்தவை அமெரிக்காவின் டி.எஸ்.பி. செயற்கைக்கோள்கள். முதலாவது 1970 நவம்பரிலும், இருபத்து மூன்றாவதும் கடைசியுமானது 2007 நவம்பரிலும் ஏவப்பட்டன. செயற்கைக்கோளைச் செய்தது டி.ஆர்.டபிள்யூ. நிறுவனம், அகச்சிவப்பு உணரியைச் செய்தது ஏரோஜெட். பின்னாளில் டி.ஆர்.டபிள்யூ. நிறுவனமும் ஏரோஜெட்டின் மின்னணுப் பிரிவும் நார்த்ராப் கிரம்மனுடன் இணைந்தன. இந்தச் செயற்கைக்கோள் தன் அச்சில் நிமிடத்துக்கு ஆறு முறை சுழலும். அதாவது தன் பார்வைக்குட்பட்ட ஒவ்வோர் இடத்தையும் பத்து நொடிக்கு ஒருமுறை பார்க்கும். பத்து நொடி இடைவெளியில் விழும் புள்ளிகளைக் கோத்துத்தான் ஒரு பாதை கணிக்கப்பட்டது. 1991 வளைகுடாப் போரில் ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணைகளைக் கண்டறிந்தவை இவைதான். இவற்றின் இடத்துக்கு வந்த சிபர்ஸ் வரிசைக்கு லாக்ஹீட் மார்ட்டின் முதன்மை ஒப்பந்ததாரர். உணரிகள் நார்த்ராப் கிரம்மனுடையவை. அதன் முதல் புவிநிலைச் செயற்கைக்கோள் 2011 மே மாதத்திலும், ஆறாவது 2022 ஆகஸ்டிலும் விண்ணுக்குச் சென்றன. வருடிச் செல்லும் உணரியோடு, ஒரே இடத்தை உற்றுநோக்கும் உணரியும் சிபர்ஸில் உண்டு.

பாதுகாப்புத் துறையின் ஒப்பந்த நிறுவனம் என்றால் என்ன என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இராணுவம் செயற்கைக்கோளைத் தானே செய்வதில்லை. எந்த அலைநீளத்தில் பார்க்க வேண்டும், எவ்வளவு மங்கலான ஒளிவரை உணர வேண்டும், எவ்வளவு நேரத்துக்குள் எச்சரிக்கை வர வேண்டும் என்று தேவைகளை எழுதிக் கொடுக்கிறது. அதற்கேற்ற கருவியை வடிவமைப்பது, செய்வது, தரையில் தரவைப் பிரித்தறியும் மென்பொருளை எழுதுவது, பல நேரங்களில் அதைப் பராமரிப்பது எல்லாமே தனியார் நிறுவனங்களின் வேலை. கொலராடோ மாநிலத்தின் ஆரோரா நகரிலுள்ள பக்லி விண்வெளிப் படைத் தளத்தில் வெள்ளைக் கோளங்களுக்குள் நிற்கும் ஆன்டெனாக்களுக்கு இந்தத் தரவு வந்து சேருகிறது. அங்கே மென்பொருள் கேட்கும் முதல் கேள்வி ‘இது ஏவுகணையா?’ என்பதுதான். காட்டுத்தீ, எண்ணெய்க் கிணற்றில் எரியும் வாயு, வெடிவிபத்து, போர்விமானம் கூடுதல் வேகத்துக்காகப் பின்னால் கக்கும் நெருப்பு, வளிமண்டலத்தில் எரிந்து விழும் விண்கல் என்று பலவும் அந்த உணரியில் பதிவாகின்றன. உணரியின் பார்வைப் பரப்பைக் குறுக்கே கடக்கும் பிற செயற்கைக்கோள்கள் போன்ற விண்பொருள்களுக்கு ‘ஃபாஸ்ட் வாக்கர்’ என்று அத்துறையில் ஒரு பெயரே உண்டு. பறக்கும் தட்டு ஆர்வலர்களிடம் இந்தச் சொல் பெரும்புகழ் பெற்றது. ஆனால் அது ஒரு தரவு வகையின் பெயரே தவிர, வேற்றுலக ஊர்தியின் பெயரன்று.

மென்பொருள் தவறாகப் பிரித்தறிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 1983 செப்டம்பர் 26 அன்று சோவியத் ஒன்றியத்தில் நடந்ததைவிட அழுத்தமான சான்று வேண்டியதில்லை. மாஸ்கோவுக்குத் தெற்கே செர்புகோவ்-15 என்ற கட்டுப்பாட்டு மையத்தில், நள்ளிரவு தாண்டிய வேளையில், அமெரிக்கா முதலில் ஓர் ஏவுகணையையும் பின்னர் மேலும் நான்கையும் ஏவிவிட்டதாக ‘ஓகோ’ செயற்கைக்கோள் அமைப்பு அறிவித்தது. பணியிலிருந்த அதிகாரி ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ் அதை நம்ப மறுத்து, பொய் எச்சரிக்கை என்று மேலிடத்துக்குத் தெரிவித்தார். ஐந்தே ஏவுகணைகளோடு யாரும் போரைத் தொடங்கமாட்டார்கள் என்பது அவருடைய கணிப்பு; தரையிலிருந்த ராடார்களும் எதையும் காட்டவில்லை. உயரமான மேகங்களின் மேல் பட்ட சூரிய ஒளி, செயற்கைக்கோளின் பார்வைக் கோணத்தில் தெறித்ததையே அமைப்பு ஏவுகணைப் பிழம்பாக எடுத்துக்கொண்டது என்பது பிறகு தெரியவந்தது. பல கோடி ரூபிள் செலவில் உருவான உணரி ஒன்று மேகத்தை ஏவுகணையாகக் கண்டது என்றால், ஒற்றை உணரியில் பதிவான ஒற்றை ஒளிப்புள்ளியை வைத்து எதையும் முடிவு கட்டக் கூடாது என்பது விளங்கும்.

இதற்கு எதிர்த்திசையிலான கதையும் ஒன்று உண்டு. இந்தத் துறையில் தொடக்கநிலை வாசகர் ஒரே ஒரு நிகழ்வைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்றால், நான் இதையே தேர்ந்தெடுப்பேன். விண்வெளியில் அணுகுண்டுச் சோதனைகள் நடக்கின்றனவா என்று கண்காணிக்க, டி.ஆர்.டபிள்யூ. நிறுவனம் செய்த வேலா செயற்கைக்கோள்களை அமெரிக்கா 1963 அக்டோபரிலிருந்து இணை இணையாக ஏவியது. 1967 ஜூலை 2 அன்று இவற்றில் ஒரு காமாக் கதிர் வெடிப்பு பதிவானது. அணுகுண்டு வெடித்தால் கதிர்வீச்சு எப்படி எழுந்து தணியும் என்பது அவர்களுக்குத் தெரியும். இது அந்தச் சாயலில் இல்லை. சூரியனிலும் அன்று குறிப்பிடத்தக்க கொந்தளிப்பு எதுவும் இல்லை. அடையாளம் தெரியாத சைகை என்றால் இதுதான் அசல் சைகை. அமெரிக்க அணு ஆயுத ஆய்வகமான லாஸ் அலமோஸின் ரே கிளிபசாடலும் உடன் பணியாற்றியவர்களும் அதைத் தூக்கியெறியவில்லை, பரபரப்பாக அறிவிக்கவும் இல்லை, எடுத்து வைத்தார்கள். மேம்பட்ட கருவிகளோடு அடுத்த செயற்கைக்கோள்கள் ஏவப்பட்ட பிறகு, ஒரே வெடிப்பு வெவ்வேறு செயற்கைக்கோள்களை எந்தெந்த நொடியில் வந்தடைந்தது என்று ஒப்பிட்டார்கள். அந்த நேர வேறுபாட்டிலிருந்து சைகை வந்த திசையைக் கணிக்க முடிந்தது. அது பூமியும் அல்ல, சூரியனும் அல்ல. 1973-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் 1969-க்கும் 1972-க்கும் இடையே பதிவான 16 வெடிப்புகள் இடம்பெற்றன. வானியலில் காமாக் கதிர் வெடிப்புகள் என்ற ஒரு துறையே அப்படித்தான் பிறந்தது. வேவு பார்க்கப் போன கருவி, பேரண்டத்தின் மிக வலிய வெடிப்புகளைக் கண்டுபிடித்தது.

அதே வேலா வரிசையின் ஒரு செயற்கைக்கோள் 1979 செப்டம்பர் 22 அன்று தென் அட்லாண்டிக், இந்தியப் பெருங்கடல் பகுதியில் அணுகுண்டுக்கே உரிய இரட்டை ஒளிவீச்சைப் பதிவு செய்தது. இம்முறை பார்த்தது ஒரே ஒரு செயற்கைக்கோள். வெள்ளை மாளிகை அமைத்த, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஜாக் ருயினா தலைமையிலான குழு, அது அணுகுண்டாக இருக்க வாய்ப்புக் குறைவு என்றும், சிறு விண்துகள் ஒன்று செயற்கைக்கோளின் மீது மோதியதால் அந்த ஒளி எழுந்திருக்கலாம் என்றும் கூறியது. அரசுக்குள்ளேயே பலர் இதை ஏற்கவில்லை. நாற்பது ஆண்டுகளைக் கடந்தும் ஒருமித்த முடிவு ஏற்படவில்லை. இந்த இரண்டு வேலா நிகழ்வுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சைகை எவ்வளவு விசித்திரமானது என்பதைவிட, அதைத் தனித்தனியாக எத்தனை கருவிகள் பதிவு செய்தன என்பதே விடை கிடைக்குமா கிடைக்காதா என்பதைத் தீர்மானித்தது.

விண்கற்களின் கதையும் இதோடு சேர்ந்ததே. ஏவுகணை எச்சரிக்கைக்காகப் பறக்கும் உணரிகளில் வளிமண்டலத்தில் வெடிக்கும் பெரிய விண்கற்களும் பதிவாகின்றன. அந்தத் தரவின் ஒரு பகுதியை, கருவியின் பெயரைச் சொல்லாமல் ‘அமெரிக்க அரசு உணரிகள்’ என்ற பொதுப்பெயரில் நாசாவின் பூமிக்கு அருகிலுள்ள பொருள்களின் ஆய்வு மையம் பட்டியலாக வெளியிடுகிறது. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் மீது வெடித்த விண்கல் 440 கிலோடன் (அதாவது 4,40,000 டன் டி.என்.டி. வெடிமருந்துக்கு நிகரான) ஆற்றலோடு அதில் இருக்கிறது. 2018 டிசம்பர் 18 அன்று பெரிங் கடலின் மேல் சுமார் 26 கிலோமீட்டர் உயரத்தில் 173 கிலோடன் ஆற்றலோடு இன்னொன்று வெடித்தது. ஆள் நடமாட்டமில்லாத கடல் என்பதால் உலகம் அதை 2019 மார்ச்சில்தான் அறிந்தது. அதன்பின் ஜப்பானின் ஹிமாவரி-8 வானிலைச் செயற்கைக்கோளின் பழைய படங்களைத் தேடிப் பார்த்தபோது, வெள்ளை மேகங்களின் மேல் ஆரஞ்சு நிறக் கீற்றும் புகைத் தடமும் அங்கே இருந்தன. தரவு அதுவரை அங்கேயேதான் இருந்தது. தேடச் சொல்லி யாரும் இடத்தையும் நேரத்தையும் குறிப்பிடவில்லை என்பதுதான் குறை.

2023-ஆம் ஆண்டின் சீன பலூன் நிகழ்வு இதை இன்னும் நெருக்கமாகக் காட்டுகிறது. அந்த பலூன் 18 கிலோமீட்டர் அளவிலான உயரத்தில் அமெரிக்காவைக் குறுக்கே கடந்து, பிப்ரவரி 4 அன்று தென் கரோலினா கடற்கரைக்கு அப்பால் சுட்டு வீழ்த்தப்பட்டது. அது வந்த வழியைப் பின்னோக்கித் தேடியவர்கள், பிளானட் நிறுவனத்தின் வணிகச் செயற்கைக்கோள் படங்களில் அதைக் கண்டுபிடித்தார்கள். அப்படங்களில் பலூன் ஒரு வெள்ளை வட்டமாகத் தெரியவில்லை. அருகருகே விலகி நிற்கும் சிவப்பு, பச்சை, நீலப் பொட்டுகளாகத் தெரிந்தது. செயற்கைக்கோள் மூன்று நிறங்களையும் ஒரே கணத்தில் எடுப்பதில்லை. நொடியின் சிறு பகுதி இடைவிட்டு எடுத்து, தரையை அடிப்படையாகக் கொண்டு ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துகிறது. தரையிலுள்ளவை சரியாகப் பொருந்திவிடும். உயரத்தில் இருப்பதும் வேகமாக நகர்வதும் பொருந்தாமல் நிறம் பிரிந்து நிற்கும். பயணிகள் விமானமும் இப்படித்தான் வானவில் சாயையோடு படத்தில் விழுகிறது. இதை அறியாதவர் கண்ணுக்கு அது மூன்று ஒளிக்கோளங்கள் அணிவகுத்துச் செல்வதாகத் தோன்றும். அறிந்தவருக்கோ அந்த நிறப்பிரிவிலிருந்தே பொருளின் உயரத்தையும் வேகத்தையும் பற்றிய துப்பு கிடைக்கும்.

அந்த பலூனை வீழ்த்திய பிறகு, வட அமெரிக்க வான்பாதுகாப்புத் தளபதி கிளென் வான்ஹெர்க் ஒரு செய்தியைச் சொன்னார். ராடார்களில் மெதுவாக நகரும் சிறு பொருள்களை வடிகட்டிவிடும் வேக வரம்புகளைத் தாங்கள் தளர்த்தியிருப்பதாக அவர் விளக்கினார். அந்த நாள்களில்தான் அலாஸ்கா, யூகான், ஹூரான் ஏரி என்று பிப்ரவரி 10, 11, 12 தேதிகளில் அடுத்தடுத்து மூன்று பொருள்கள் சுட்டு வீழ்த்தப்பட்டன. வானம் ஒரே வாரத்தில் மாறிவிடவில்லை; வடிகட்டியின் அளவு மாறியது. அந்த மூன்றும் தனியார் நிறுவனங்களின், பொழுதுபோக்கு ஆர்வலர்களின் அல்லது ஆய்வு நிறுவனங்களின் பலூன்களாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று அதிபர் ஜோ பைடன் பின்னர் தெரிவித்தார். ராடாருக்குச் சொன்னது அப்படியே செயற்கைக்கோளுக்கும் பொருந்தும். எதைக் குப்பை என்று ஒதுக்குவது என்ற முடிவு மென்பொருளுக்குள் எழுதப்பட்டிருக்கிறது. அந்த மென்பொருளை எழுதியவர் பெரும்பாலும் ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் பொறியாளர்.

இனி, ஒப்பந்த நிறுவனங்களின் மேல் சொல்லப்படும் பெரிய குற்றச்சாட்டுக்கு வருவோம். 2023 ஜூலை 26 அன்று அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் குழு ஒன்றின் முன், முன்னாள் உளவுத்துறை அதிகாரி டேவிட் குரூஷ், மனிதரல்லாதோர் செய்ததாகச் சொல்லப்படும், விபத்துக்குள்ளான ஊர்திகளை மீட்டு ஆராயும் திட்டம் பல பத்தாண்டுகளாக மறைவில் நடப்பதாகவும், அதில் தனியார் நிறுவனங்களுக்கும் பங்கு உண்டு என்றும் தான் அறியவந்ததாகச் சாட்சியம் அளித்தார். அந்தப் பொருள்களைத் தன் கண்ணால் கண்டதாக அவர் சொல்லவில்லை. பிறர் தன்னிடம் கூறியதையே எடுத்துரைத்தார். அடையாளம் தெரியாத பொருள்கள் பற்றிய புகார்களை விசாரிக்கவென்றே பென்டகன் 2022 ஜூலையில் அமைத்த ‘ஆரோ’ அலுவலகம், 2024 மார்ச்சில் வெளியிட்ட வரலாற்று அறிக்கையில், வேற்றுலகத் தொழில்நுட்பத்துக்கு எந்தச் சான்றும் கிடைக்கவில்லை என்றும், உண்மையான இரகசியத் தேசியப் பாதுகாப்புத் திட்டங்களைச் சிலர் தவறாகப் புரிந்துகொண்டதே பல கதைகளுக்கு மூலம் என்றும் கூறியது. குற்றஞ்சாட்டப்பட்ட நிறுவனங்களின் பொறுப்பாளர்களும் மறுப்பைப் பதிவு செய்தார்கள்.

ஆனால் அரசு தனியார் நிறுவனத்திடம் பறக்கும் தட்டுகள் தொடர்பாகப் பணம் கொடுத்து வேலை வாங்கியதே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. 2008-இல் பாதுகாப்பு உளவு முகமை, நெவாடாவின் செனட்டர் ஹாரி ரீடின் முயற்சியால் ஒதுக்கப்பட்ட 2.2 கோடி டாலர் நிதியில், லாஸ் வேகாஸில் தொழிலதிபர் ராபர்ட் பிகலோவின் நிறுவனத்துக்கு ஓர் ஆய்வு ஒப்பந்தம் கொடுத்தது ஆவணங்களில் இருக்கும் உண்மை. எனக்குத் தோன்றுவது இதுதான்: இரகசியம் இருக்கிறது என்பதில் ஐயமே இல்லை, அந்த இரகசியத்துக்குள் இருப்பது வேற்றுலகத்தவர் என்பதற்குத்தான் சான்று இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புபவர்கள், இரகசியத்தைப் பற்றி எழுப்ப வேண்டிய நியாயமான கேள்விகளையும் வலுவிழக்கச் செய்கிறார்கள்.

அந்த இரகசியம் உண்மையில் எதைக் காக்கிறது? பெரும்பாலும், பார்க்கப்பட்ட பொருளையல்ல, பார்த்த கருவியை. ஒரு விண்கல்லின் ஒளி எவ்வளவு மங்கலாக இருந்தபோது உணரி அதைப் பதிவு செய்யத் தொடங்கியது என்பது வெளியே தெரிந்தால், எவ்வளவு மங்கலான ஏவுகணை அதன் பார்வைக்குத் தப்பும் என்பதையும் எதிரி கணித்துவிடலாம். இதனால் அறிவியலுக்கு நேரும் இழப்பை 2014 ஜனவரி 8 அன்று பப்புவா நியூ கினிக்கு அருகே எரிந்த விண்கல் காட்டுகிறது. அது சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்தது என்று ஹார்வர்டின் அவி லோப்பும் அமீர் சிராஜும் கூறினார்கள். 2022-இல் அமெரிக்க விண்வெளிக் கட்டளையகமும் அதன் வேகம் அதற்கு இசைவாக இருப்பதாகக் கடிதம் தந்தது. ஆனால் அந்த வேக அளவீட்டில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்பது வெளியிடப்படவில்லை. பிழை வரம்பில்லாத எண்ணை வைத்துக்கொண்டு வேறெந்த விஞ்ஞானியும் அந்த முடிவைச் சரிபார்க்க முடியாது. விவாதம் இன்னும் ஓயாததற்கு அது முக்கியக் காரணம். அதே ஆண்டில் விண்வெளிப் படை, பல ஆண்டுகளாகத் திரண்டிருந்த விண்கல் வெடிப்புகளின் ஒளி மாற்றப் பதிவுகளை நாசா வழியாக வெளியிட்டதை இங்கே மனமாரப் பாராட்ட வேண்டும். கருவியைக் காட்டிக்கொடுக்காமல் தரவைத் தர முடியும் என்பதற்கு அதுவே சான்று.

இப்போது தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு நேரான விடையைச் சொல்லலாம். 2023 மே முதல் 2024 ஜூன் வரை ஆரோ அலுவலகத்துக்கு 757 புகார்கள் வந்தன. அவற்றில் 49 விண்வெளி சார்ந்தவையாக வகைப்படுத்தப்பட்டவை. அந்த 49-இல் ஒன்றுகூடச் செயற்கைக்கோளிலிருந்து வந்ததன்று; விமானிகளும் தரையில் நின்றவர்களும் 100 கிலோமீட்டருக்கு மேலே இருப்பதாகத் தாங்களே மதிப்பிட்டுச் சொன்னவை. பல நூறு புகார்கள், மேற்கொண்டு ஆராய்வதற்குப் போதிய தரவில்லை என்று எடுத்துவைக்கப்பட்டன. 21 மட்டும் கூடுதல் ஆய்வுக்கு உரியவை என்று குறிக்கப்பட்டன. வானியலாளர் டேவிட் ஸ்பெர்கல் தலைமையில் நாசா அமைத்த குழுவும் 2023 செப்டம்பர் அறிக்கையில், நாசாவின் புவி ஆய்வுச் செயற்கைக்கோள்களுக்கு இத்தகைய சிறு பொருள்களைப் பிரித்துக்காட்டும் நுணுக்கம் பொதுவாக இல்லை என்றும், ஆனால் ஒரு நிகழ்வு நடந்த இடத்தின் வானிலைச் சூழலை அறிய அவை உதவும் என்றும் கூறியது. அளவுதிருத்தம் செய்யப்பட்ட பல உணரிகளின் தரவும், அதோடு ஒவ்வொரு பதிவின் நேரம், இடம், கருவிநிலை பற்றிய விவரங்களும் வேண்டும் என்பது அக்குழுவின் அழுத்தமான பரிந்துரை.

வரும் ஆண்டுகளில் நிலைமை மாறக்கூடும், காரணம் பறக்கும் தட்டுகள் அல்ல. ஒலியைப் போல ஐந்து மடங்குக்கும் மேலான வேகத்தில் வளைந்து வளைந்து பறக்கும் ஏவுகணைகள், பழைய வகை ராக்கெட்டுகளைவிட மங்கலாகவே ஒளிர்கின்றன. 36,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து அவற்றைத் தொடர்வது கடினம். ஆகவே அமெரிக்காவின் விண்வெளி மேம்பாட்டு முகமை, சுமார் ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில் ஏராளமான அகச்சிவப்புச் செயற்கைக்கோள்களைப் பரப்பத் தொடங்கியிருக்கிறது. ஸ்பேஸ்எக்ஸ் செய்தவை 2023-லும், எல்3ஹாரிஸ் செய்தவை 2024 பிப்ரவரியிலும் முதற்கட்டமாக ஏவப்பட்டன. ஒரே பொருளை ஒரே நேரத்தில் இரண்டு, மூன்று கோணங்களிலிருந்து பார்க்கும் வசதி இதனால் கிடைக்கும். வேலாவின் முதல் நிகழ்வைத் தீர்த்துவைத்த முறையே அன்றாட நடைமுறையாகும். ஆனால் ஏவுகணையும் அல்லாத, விமானமும் அல்லாத ஒரு பதிவு அந்தக் கணினிகளுக்கு வந்தால், அதை அழித்துவிடுவதா, ஆய்வுக்கென்று சேமிப்பதா என்பது ஒப்பந்தத்தின் தேவைப் பட்டியலில் அந்த வரி எழுதப்பட்டிருக்கிறதா என்பதைப் பொறுத்தது. நாடாளுமன்றக் குழுக்களும் விஞ்ஞானிகளும் கேட்டு வாங்க வேண்டியது அந்த ஒரு வரியைத்தான்.